பதினெட்டு வயசு, பழைய ஃபைல், புது டாக்டர்

வலிப்பு நோய்க்குச் சிறு வயதிலிருந்தே மருந்து சாப்பிடும் பிள்ளைகள், ஒரு கட்டத்தில் குழந்தைகள் டாக்டரை விட்டுவிட்டுப் பெரியவர்களுக்கான நரம்பியல் மருத்துவரிடம் போயாக வேண்டும். அந்த மாற்றம் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே. இவை பொதுவான விளக்கங்கள். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் நேரில் பார்க்கும் டாக்டரின் பொறுப்பு.

என் மகனுக்குப் பதினேழு முடியப்போகிறது. ஒன்பதாம் வகுப்பில் முதல் தடவை ஃபிட்ஸ் வந்தது. அன்றிலிருந்து ஒரே குழந்தைகள் டாக்டர்தான். போன மாதம் அவர், “இனிமே பெரியவங்க நியூராலஜி ஓ.பி.யில காட்டுங்கம்மா” என்று சொல்லிவிட்டார். இன்ஜினீயரிங் சேர்ந்து கோவையில் ஹாஸ்டலுக்குப் போகப்போகிறான். நடுவழியில் இறக்கிவிட்டதுபோல இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
— ஒரு தாய், கோவில்பட்டி

இந்தத் தாய்க்கு ஒரு விதத்தில் அவகாசம் கிடைத்திருக்கிறது. நம் ஊரில் பல அரசு மருத்துவமனைகளில் 12 வயதோடு குழந்தைகள் பிரிவு முடிந்துவிடும். பதின்மூன்றாவது பிறந்தநாள் கழிந்து ஓ.பி. சீட்டு போடப் போனால், “பெரியவங்க பிளாக்குக்குப் போங்க” என்பார்கள். முன்கூட்டிப் பேச்சும் இல்லை, கடிதமும் இல்லை. தனியார் டாக்டர்கள் 18 வரை, சிலர் அதற்கு மேலும் பார்க்கிறார்கள். ஆனால் அங்கேயும் மாற்றம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் நடந்துவிடுகிறது, கோவில்பட்டிப் பையனுக்கு நடந்ததுபோல.

வேறு முறையும் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூலில் 1990களிலேயே வலிப்பு உள்ள பதின்வயதினருக்குத் தனி கிளினிக் நடத்தினார்கள். குழந்தைகள் மருத்துவரும் பெரியவர்களுக்கான நரம்பியல் மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். புது டாக்டரின் முகம் பழகிய பிறகுதான் பழைய டாக்டர் விலகுவார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நீண்டகால நோயுள்ள பிள்ளைகளுக்கு இந்த மாற்றத்தை 13, 14 வயதிலேயே திட்டமிட ஆரம்பிக்கச் சொல்கிறது. குடும்பம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு குறிப்பிட்ட பணியாளர் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இங்கே அந்தப் பணியாளரின் வேலையைப் பெரும்பாலும் அம்மாதான் பார்க்கிறார். பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் ஒரு வேலையை மட்டும் அவர் மகனிடம் ஒப்படைக்க வேண்டும்.

பெரியவர்கள் ஓ.பி.யில் என்ன நடக்கும் என்று பார்த்தால் அது என்ன வேலை என்று புரியும். டாக்டர் பையனைப் பார்த்துக் கேட்பார்: “கடைசியா எப்ப வந்தது?” பையன் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பான். “என்ன மாத்திரை சாப்பிடறே?” மறுபடி அம்மா பக்கம். அம்மா மூச்சு விடாமல் சொல்வார்: “காலையில வெள்ளை மாத்திரை ஒண்ணு, ராத்திரி ஒண்ணரை, போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை வந்துச்சு, அன்னைக்குத் தூங்கவே இல்ல சார்.” அத்தனையும் சரியான தகவல். ஆனால் நோயின் வரலாறு முழுக்க அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. கோவை ஹாஸ்டலில் நள்ளிரவில் வலிப்பு வந்து, அறைத்தோழர்கள் ஆட்டோவில் தூக்கிப்போகும்போது, திரும்பிப் பார்க்க அங்கே அம்மா இருக்கப்போவதில்லை.

ஆகவே ஹாஸ்டல் திறக்கும் முன் மூன்று விஷயங்கள் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: தன் வலிப்பின் பெயர், மருந்தின் பெயர், அதன் மில்லிகிராம் அளவு. “நீல அட்டை மாத்திரை” என்ற அடையாளம் போதாது. ஒரே மருந்து பல கம்பெனி பெயர்களில் வருகிறது. மருந்துக் கடையில் அட்டை மாறினால் அடையாளமும் போய்விடும்.

அடுத்தது ஃபைல். பெரும்பாலான வீடுகளில் அது ஃபைலாக இருக்காது. மஞ்சப்பையில் சுருட்டி வைத்த ஸ்கேன் ஃபிலிம், மடிப்பில் கிழிந்த இ.இ.ஜி. ரிப்போர்ட், எழுத்து மங்கிப்போன மருந்துச் சீட்டுகள் என்று கலந்து கிடக்கும். அந்தப் பையை அப்படியே புது டாக்டரின் மேசையில் கொட்டினால், நெரிசலான ஓ.பி.யில் அதைப் பிரித்துப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. பழைய டாக்டரிடம் ஒரே ஒரு பக்கத்தில் சுருக்கக் கடிதம் கேட்டு வாங்குவது நல்லது. கடைசியாகப் போகும் சந்திப்பில் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பிறந்தபோது மூச்சுத் திணறல் இருந்ததா, காய்ச்சலோடு வலிப்பு வந்ததுண்டா, எந்த வயதில் எந்த மாதிரி வலிப்பு, எம்.ஆர்.ஐ.யில் என்ன தெரிந்தது, இவை அதில் வர வேண்டும்.

அந்தக் கடிதத்தில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது: இதுவரை கொடுத்துப் பார்த்து நிறுத்திய மருந்துகள். பெயர் மட்டும் போதாது. எவ்வளவு வரை கொடுத்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதும் வேண்டும். பலன் இல்லாமல் நிறுத்தியது வேறு, உடம்பு முழுக்கத் தடிப்பு வந்து நிறுத்தியது வேறு. சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் வகுத்த வரையறைப்படி, சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. அங்கே மூன்றாவது, நான்காவது மருந்தைத் தேடுவதோடு நிற்காமல், அறுவை சிகிச்சை பொருந்துமா என்றும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் இதற்கென்றே ஆர். மாதவன் நாயர் மையம் இயங்குகிறது. பழைய மருந்துகளின் கணக்கு இல்லாவிட்டால் அந்தப் பேச்சே எழாது. தோற்றுப்போன மருந்தையே புது டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இனி ஒரு நல்ல செய்தி. டாக்டர் மாறுவதில் ஒரு லாபமும் உண்டு. பழைய நோய்ப் பெயரைப் புதுக் கண் ஒன்று மறுபடி பரிசோதிக்கும்.

கோவில்பட்டிப் பையனுக்கு முதல் வலிப்பு ஒன்பதாம் வகுப்பில் வந்திருக்கிறது. 12 முதல் 18 வயதுக்குள் தொடங்கும் வலிப்பு என்றதும் நரம்பியல் மருத்துவர்கள் ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்பார்கள்: “காலையில எழுந்ததும் கை உதறுதா?” ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி என்ற வகையில் அப்படி நடக்கும். படுக்கையிலிருந்து எழுந்த சிறிது நேரத்தில் தோளோ கையோ வெடுக்கென்று துள்ளும். காபி டம்ளர் கீழே விழும், பிரஷ் கையிலிருந்து பறக்கும். நினைவு தப்பாது. அதனால் வீட்டில் யாரும் அதை வலிப்பு என்று நினைப்பதில்லை, “காலங்காத்தால தூங்கி வழியறான்” என்று திட்டுதான் விழும். யாரும் கேட்காததால் பையனும் சொல்லியிருக்க மாட்டான். இந்த வகைக்குக் கார்பமசபின், ஃபெனிட்டாயின் போன்ற சில மருந்துகள் அந்தத் துள்ளலை இன்னும் கூட்டிவிடலாம் என்பதால், கேள்வி சாதாரணமானது இல்லை.

“ரெண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டா போதும்” என்று ஊரில் ஒரு பொதுக்கணக்கு புழங்குகிறது. குழந்தைகளுக்கு வரும் பல வலிப்புகளில் இரண்டு ஆண்டு வலிப்பு இல்லாமல் இருந்தால் மருந்தை மெல்லக் குறைத்துப் பார்ப்பது வழக்கம்தான். தூக்கத்தில் வாய் ஒரு பக்கம் இழுக்கும் ரோலாண்டிக் வகை பதினாறு வயதுக்குள் தானாகவே போய்விடும். நாடாப்புழுவின் முட்டைகள் உள்ளே போய் மூளையில் சிறு கட்டி உண்டாக்கியதால் வந்த வலிப்பில், கட்டி சுவடின்றி மறைந்துவிட்டால் மருந்தைச் சீக்கிரமே நிறுத்த முடிகிறது. ஆனால் காலைத் துள்ளல் வகையில் மருந்தை நிறுத்தியவர்களில் பெரும்பாலானோருக்குத் திரும்ப வருகிறது. அதிலும் ஹாஸ்டல் முதல் ஆண்டு, தூக்கம் கெடும் ஆண்டு. நிறுத்துவதற்கு அதைவிட மோசமான சமயம் வேறில்லை.

இன்னொன்று, மருந்தளவு. குழந்தைகளுக்கு எடைக் கணக்கில் மருந்து கொடுப்பார்கள். பன்னிரண்டு வயதில் 32 கிலோ இருந்தவன் பதினேழில் 60 கிலோ. அதே சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். சரியாக இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவை கணக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஹாஸ்டலைப் பற்றி. மேல் அடுக்குக் கட்டில் வேண்டாம். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமல் “ஆள் இருக்கு” என்று சொல்லிப் பழகலாம். நீச்சலுக்குத் தனியாகப் போகக் கூடாது. வாரத்துக்கான மாத்திரையை ஏழு கட்ட டப்பாவில் பிரித்துப் போட்டுவிட்டால், போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வராது. ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தில் கவனம் தேவை. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கும், டிராமடால் என்ற வலி மாத்திரையும் சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடக் கூடியவை.

அறைத்தோழர்களில் இரண்டு பேருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வலிப்பின்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், பல்லுக்கு நடுவே ஸ்பூனை நுழைப்பார்கள். எத்தனையோ படங்களில் பார்த்தது அப்படித்தானே. இரும்புக்கும் வலிப்பு நிற்பதற்கும் தொடர்பே இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்குபவை. அந்த நேரத்தில் சாவி கையில் இருந்ததால், நிறுத்திய பெயர் சாவிக்குக் கிடைத்துவிட்டது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே 108. மிடசோலம் மூக்கு ஸ்பிரே டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், அது எங்கே இருக்கிறது, எப்படி அடிப்பது என்பதும் அந்த இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு 16. டாக்டர் எப்பவும் அம்மாகிட்டதான் பேசுறார். எனக்குக் கேட்க நிறைய இருக்கு. அம்மா பக்கத்துல இருக்கும்போது கேட்க முடியாது. மாத்திரை மாத்தினதுல இருந்து காரணமே இல்லாம கோபம் வருது. வீட்ல “வயசு அப்படி”ங்கறாங்க.
— ஒரு மாணவர், தஞ்சாவூர்

வயசாகவும் இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். இன்று பரவலாக எழுதப்படும் லெவிட்டிராசெட்டம் என்ற மருந்து பலருக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் மனச்சோர்வும் உண்டாக்கும் என்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த பக்கவிளைவு. இந்த மாணவர் சாப்பிடுவது அதுதானா என்று கடிதத்தில் இல்லை. எந்த மருந்தாக இருந்தாலும், மாற்றிய தேதி எது, கோபம் ஆரம்பித்தது எப்போது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னால் பதில் கிடைக்கும். தானாக நிறுத்திவிடுவது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பாகத் தொடரலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

தனியாகப் பேசுவதற்கு வழி இருக்கிறது. சந்திப்பின் முதல் பாதி எல்லோரும், கடைசி ஐந்து நிமிடம் பிள்ளை மட்டும் என்று பிரித்துக்கொள்வது பல நாடுகளில் பதின்வயது கிளினிக்குகளின் வழக்கம். நம் டாக்டர்கள் தாங்களாகச் செய்யாவிட்டாலும், “சார், நான் ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்” என்று சொன்னால் மறுப்பவர் குறைவு. அதை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதி நீட்டலாம். அம்மாக்களுக்கு இது கொஞ்சம் வலிக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்கு நீளமானதுதான். ஆனால் 18 ஆனதும் சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து பிள்ளையுடையது. அதற்குள் பேசிப் பழகியிருக்க வேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன கேட்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. பீர் குடிக்கலாமா, இரவெல்லாம் கேம் ஆடலாமா, காதலிக்கும் பெண்ணிடம் சொல்லலாமா, போலீஸ் வேலைக்குப் போக முடியுமா. குடியைப் பற்றி நேரான பதில் இதுதான்: குடித்த இரவைவிட மறுநாள் காலைதான் ஆபத்து. மது இறங்கும் நேரமும் தூக்கக் கேடும் மறந்த மாத்திரையும் ஒரே காலையில் சேர்ந்து வரும்.

இன்னொரு விஷயத்தை டாக்டர்களும் பெற்றோரும் சேர்ந்தே பதின்வயதினரிடம் மறைக்கிறார்கள். வலிப்பு நோயுள்ளவர்களில் சிலர் வேறு காரணம் எதுவும் தெரியாமல், பெரும்பாலும் தூக்கத்தில், திடீரென்று இறந்துபோகிறார்கள். அமெரிக்க நரம்பியல் அகாதமியும் அமெரிக்க எபிலெப்ஸி சொசைட்டியும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இது ஆண்டுக்குப் பெரியவர்களில் 1,000 பேருக்கு ஒருவர், குழந்தைகளில் 4,500 பேருக்கு ஒருவர். அரிதுதான். ஆனால் குழந்தைப் பருவத்தைத் தாண்டும்போது கூடுகிறது. உடல் முழுதும் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம் என்பதால், மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எதுவும் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லாமல் “மாத்திரை போடு, மாத்திரை போடு” என்று மட்டும் நச்சரித்தால், அது நச்சரிப்பாகத்தான் காதில் விழும்.

வலிப்பு நின்றுவிட்டாலே எல்லாம் சரி என்பதும் உண்மை இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடந்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு, சிறு வயதில் சில விநாடிகள் வெறித்துப் பார்க்கும் ‘ஆப்சன்ஸ்’ வகை வலிப்பு இருந்தவர்களை இளைஞர்களான பிறகு தேடிப் பிடித்தது. ஒப்பிடுவதற்கு, சிறு வயதில் மூட்டுவாதம் வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மூட்டுவாதம் வலியும் வேதனையும் நிறைந்த நோய். ஆனாலும் படிப்பு, நடத்தை, எதிர்பாராத கர்ப்பம் போன்றவற்றில் அதிகம் தடுமாறியவர்கள் வலிப்புக் குழுவினர்தான். வெறித்துப் பார்ப்பது முற்றிலும் நின்றுபோனவர்களில் பலரும் அதில் அடக்கம். டாக்டரிடம் “ஃபிட்ஸ் எதுவும் வரலை சார்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு எழுந்துவிடாமல் படிப்பையும் மனநிலையையும் பேச வேண்டும் என்பது இதனால்தான்.

மகளுக்குப் பத்தொன்பது. எட்டு வருடமாக வால்புரோயேட் சாப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறாள். வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? கல்யாணம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— ஒரு தந்தை, மதுரை

இரண்டாவது கேள்விதான் அவசரமானது. அதுவும் கல்யாணத்துக்கு முன்பே.

வால்புரோயேட் நல்ல மருந்து. சில வகை வலிப்புகளுக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. முதுகுத்தண்டு மூடாமல் போவது, இதயக் கோளாறு, அண்ணப் பிளவு போன்றவை. அதைத் தவிர 30 முதல் 40 சதவீதக் குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், அறிவு வளர்ச்சியில் சிக்கல் தெரிகிறது. மருந்தளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். பிரிட்டனில் 2018 முதல், முறையான கருத்தடை ஏற்பாடு இல்லாமல் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்ற விதி வந்தது. 2024 ஜனவரியில் இன்னும் இறுக்கினார்கள். 55 வயதுக்கு உட்பட்ட ஆணுக்கோ பெண்ணுக்கோ புதிதாகத் தொடங்க வேண்டுமானால் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதினோரு வயதில் இந்த மருந்தைத் தொடங்கிய குழந்தைகள் டாக்டர் தவறு செய்யவில்லை. அந்த வயதில் அந்தக் கேள்வி எழவில்லை. ஆனால் குழந்தைகள் டாக்டரிடமிருந்து மாறும் நேரத்தில் யாராவது எழுப்பியிருக்க வேண்டும். யாரும் எழுப்பாமல் சீட்டு மட்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. இந்த மாற்றத்தில் பெண் பிள்ளைகளுக்கு நேரும் மிகப் பெரிய விடுபாடு இது என்று தயங்காமல் சொல்லலாம். வால்புரோயேட்டால் உடல் பருமனும் முடி உதிர்வும் மாதவிலக்குச் சிக்கலும் வருவதுண்டு. அவற்றையும் அந்தப் பெண்ணிடம் கேட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நிறுத்துவது தீர்வாகாது. கர்ப்பத்தில் பெரிய வலிப்பு வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. லமோட்ரிஜின், லெவிட்டிராசெட்டம் போன்றவை இந்த விஷயத்தில் பாதுகாப்பானவை. அவற்றுக்கு மாற முடியுமா என்று பார்த்து, மெல்ல மெல்ல மாற்றி, புது மருந்தில் வலிப்பில்லாமல் இருக்கிறாரா என்று உறுதி செய்ய மாதக்கணக்கில் நேரம் வேண்டும். முகூர்த்தம் குறித்த பிறகு ஓடினால் முடியாது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை தேவை. லமோட்ரிஜின் சாப்பிடுபவர்களுக்குக் கர்ப்பத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும் என்பதால் இடையில் கூட்ட வேண்டியும் வரும். கருத்தடை மாத்திரையையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கார்பமசபின், ஃபெனிட்டாயின் போன்றவை அதன் பலனைக் குறைத்துவிடும். சிலவகைக் கருத்தடை மாத்திரைகளோ லமோட்ரிஜினின் அளவைக் குறைத்துவிடும்.

பயப்படும் அளவுக்கு நிலைமை இல்லை என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்பு உள்ள பெண்களின் கர்ப்பங்களைப் பதிவேட்டில் பின்தொடர்ந்து வருகிறது. இவர்களில் பெரும்பாலானோர் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்றெடுக்கிறார்கள். முன்திட்டம் இருந்தால் போதும்.

இனி மாப்பிள்ளை வீடு. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஒரு காலத்தில் வலிப்பு, திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சட்டப்படி அந்தப் பெண்ணுக்கு எந்தத் தடையும் இல்லை. சொல்லலாமா என்றால், சொல்லிவிட வேண்டும். மறைத்து நடத்திய கல்யாணங்களில் முதலில் நடப்பது, பெண் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவது. பிறகு ஒரு வேளை விட்டுப்போகிறது. கல்யாண வீட்டின் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்துகொண்டு, புகுந்த வீட்டில் முதல் வாரத்திலேயே வலிப்பு வருகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்கு வரை போன குடும்பங்கள் உண்டு. யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதை மட்டும் அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். பையனும் பெண்ணும் ஒரு தடவை சேர்ந்து டாக்டரைப் பார்த்துவிட்டால், பாதிச் சந்தேகங்கள் அங்கேயே தீரும்.

என் மகனுக்கு லென்னாக்ஸ்-கஸ்டாட் என்று சொன்னார்கள். பேச்சு வராது, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அடுத்த மாதம் 18. தானாகப் பேசிப் பழக வேண்டும் என்கிறீர்களே, இவனுக்கு என்ன?
— ஒரு தாய், தாம்பரம்

நியாயமான கோபம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மாற்றம் வேறு மாதிரி நடக்க வேண்டும். அம்மாவே எப்போதும் கூட இருப்பார். ஆனால் 18 வயதானால் சட்டத்தின் பார்வையில் மகன் தனிநபர். பெற்றோர் என்ற முறையில் மட்டும் கையெழுத்துப் போடும் அதிகாரம் அன்றோடு முடிகிறது. வங்கிக் கணக்கிலோ சொத்துப் பத்திரத்திலோ இது ஒரு நாள் திடீரென்று முட்டும்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இதற்கு வழி செய்திருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு விண்ணப்பத்தைப் பார்த்து நியமிக்கும். பெற்றோரே பாதுகாவலராகலாம். வலிப்பு மட்டும் இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. இந்தப் பையனுக்கு அறிவுசார் குறைபாட்டுச் சான்று இருந்தால் பொருந்தும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு இடமுண்டு.

மருத்துவத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இப்படிக் கடுமையான வலிப்பின் அடிப்படைக் காரணம் சிறு வயதில் கண்டுபிடிக்கப்படாமல் போயிருக்கலாம். டிராவெட் என்ற வகையை 1978இல்தான் பிரான்ஸ் மருத்துவர் ஷார்லட் டிராவெட் விவரித்தார். அதற்கும் ஒரு மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 2001இல் தெரியவந்தது. அந்த வகைக்குக் கார்பமசபின் போன்ற மருந்துகள் கெடுதல் செய்பவை. வளர்ந்தபின் மரபணுப் பரிசோதனையில் காரணம் தெரிந்து, மருந்தை மாற்றிப் பலன் கண்டவர்கள் உண்டு. டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற நோயால் வலிப்பு வந்திருந்தால், பெரியவரான பிறகு சிறுநீரகத்தையும் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். குழந்தைகள் டாக்டர் பிள்ளையின் உடம்பு முழுவதையும் தன் ஒரே மேசையில் பார்த்திருப்பார். பெரியவர்கள் பக்கம் வந்ததும் மூளைக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர் என்று பிரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க, வீட்டுப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவரை இப்போதே பிடித்துக்கொள்வது இந்தத் தாயின் அலைச்சலைக் குறைக்கும்.

பதினெட்டு ஆகிவிட்டது, பைக் கேட்கிறான். லைசென்ஸ் எடுக்கலாமா?
— ஒரு தந்தை, ஈரோடு

லைசென்ஸ் விண்ணப்பத்தோடு தரும் படிவம் 1இல், வலிப்போ எக்காரணத்தாலாவது திடீர் மயக்கமோ உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். இல்லை என்று எழுதினால் அது பொய் உறுதிமொழி. விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணத்துக்கும் சிக்கல். பிரிட்டனில் ஓராண்டு வலிப்பில்லாமல் இருந்தால் கார் ஓட்ட அனுமதிக்கிறார்கள். இங்கே பையனுக்குக் கடைசி வலிப்பு எப்போது வந்தது என்பதை வைத்து நரம்பியல் மருத்துவரிடம் பேசலாம். அதுவரை பஸ், ரயில், நண்பனின் பின்சீட்டு. பின்சீட்டிலும் ஹெல்மெட்.

புது டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று ரத்தம் எடுப்பார்கள் என்கிறார்கள். காலை மாத்திரையைப் போடாமல் வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?
— ஒரு வாசகி, திருச்சி

மாத்திரையை நிறுத்தவே கூடாது. சர்க்கரைப் பரிசோதனைக்குப் பழகிய பழக்கம் இது. வலிப்பு நோயாளிகள் சிலர் இப்படி ஒரு வேளை விட்டுவிட்டு, பஸ் பயணமும் பசியும் சேர்ந்து, ஓ.பி. வரிசையிலேயே விழுந்திருக்கிறார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தால் மட்டும், காலை வேளைக்கு முன் ரத்தம் கொடுப்பதுண்டு. அப்போதும் மாத்திரையைக் கையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த கையோடு அங்கேயே தண்ணீர் வாங்கிப் போட்டுவிட வேண்டும். காலியான அட்டைகளைத் தூக்கிப் போடாமல் அவற்றையும் பையில் வைத்துக்கொள்ளலாம். சீட்டில் எழுத்து புரியாவிட்டாலும் அட்டையில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அச்சாகியிருக்கும்.